104 பக்கத் திரைக்கதை ஒரு வாக்கியத்தில் அடங்க மறுக்கிறது: என்ன செய்வது?

வாசகர் கேள்விக்குத் திரைக்கதை ஆலோசகர் பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஆசிரியை வேலைக்கு நடுவே 104 பக்கத்தில் ஒரு திரைக்கதையை ஆங்கிலத்தில் முடித்திருக்கிறார். கதை 1964இல் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் நடக்கிறது. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த தாத்தா வாங்கிய நிலத்தில் காய்கறி பயிரிட்டு, டர்பன் சந்தையில் விற்றுப் பிழைக்கிறாள் சிவகாமி என்ற விதவை. மூன்று பிள்ளைகள். அபார்ட்டைட் என்ற இனவெறி ஆட்சியில், எந்த இனத்தவர் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் கீழ் 90 நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வருகிறது. ஊர்க் கோயில் கமிட்டியின் செயலாளரான கொழுந்தன் தன் பங்கு நிலத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். பக்கத்துத் தெருவில் வீடுகளை இடித்தவர்கள் கோயிலை மட்டும் விட்டுவிட்டுப் போவதைச் சிவகாமி பார்க்கிறாள். தன் வீட்டையே மாரியம்மன் கோயிலாக மாற்றிவிடுவது என்று முடிவெடுக்கிறாள். இந்த முடிவு வருவது 61ஆம் பக்கத்தில். சிவகாமிக்கு மாதிரி, வாசகியின் பெரியம்மா.

ஆண்டுதோறும் நடக்கும் டர்பன் ஃபிலிம் மார்ட் என்ற திரைப்படச் சந்தையில் தயாரிப்பாளர்களைச் சந்திக்க வாசகி விரும்புகிறார். எல்லோரும் முதலில் கேட்பது லாக்லைன், அதாவது படத்தின் கதையை ஒரே வாக்கியத்தில் சொல்லும் வரி. அவர் எழுதியது இது:

"1960களில் டர்பனில் வாழும் சிவகாமி என்ற விதவைத் தாய், மூன்று பிள்ளைகளுடன் காய்கறித் தோட்டம் வைத்துப் பிழைத்துவரும் வேளையில், இனவெறி அரசின் சட்டத்தால் நிலத்தை இழக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறாள். கொழுந்தன் முத்துவும் ஊர்ப் பெரியவர்களும் அதிகாரிகளும் அவள் வாழ்வைப் புரட்டிப்போடுகிறார்கள். அன்பு, துரோகம், தியாகம் நிறைந்த பயணத்தில் அவள் தன்னையே கண்டடைகிறாள். இறுதியில் நடந்தது என்ன?"

அவருடைய கேள்விகள்: இதை எப்படி ஒரே வாக்கியமாகச் சுருக்குவது? கோயில் விஷயம்தான் படத்தின் சஸ்பென்ஸ், அதை மறைத்தே ஆர்வத்தைத் தூண்ட முடியாதா? கருவைச் சொல்லிவிட்டால் யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா, எனக்கு நானே பதிவுத் தபாலில் அனுப்பி வைத்துக்கொண்டால் பாதுகாப்பா? "உண்மைச் சம்பவம்" என்று போடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

லாக்லைனுடன் நான்கு பக்கக் கதைச் சுருக்கத்தையும் காட்சிப் பட்டியலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. லாக்லைனை மட்டும் அனுப்பியிருந்தால் உங்களிடம் இருக்கும் கதை எனக்குத் தெரியவே வந்திருக்காது. உங்கள் லாக்லைனின் முதல் சிக்கலும் அதுதான்.

நீங்கள் இதைச் சுருக்கும் வேலையாகப் பார்க்கிறீர்கள். நான்கு வாக்கியத்தை ஒன்றாக்கினால் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். ஆனால் இதில் எந்தச் சொல்லை வெட்டினாலும் மிச்சமிருப்பது ஒரு பெண்ணுக்கு நேர்ந்த துன்பங்களின் பட்டியல்தான். வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள்: தள்ளப்படுகிறாள், புரட்டிப்போடுகிறார்கள், கண்டடைகிறாள். முதல் இரண்டும் அவளுக்கு நேர்கின்றன. மூன்றாவதைக் கேமராவால் எடுக்க முடியாது. சிவகாமி தானாக எழுந்து செய்யும் காரியம் ஒன்றுகூட இதில் இல்லை.

காட்சிப் பட்டியலைப் பார்த்தால் காரணம் தெரிகிறது. 61ஆம் பக்கம் வரை அவள் நிஜமாகவே எதுவும் செய்வதில்லை. நோட்டீஸ் வருகிறது, அழுகிறாள், கொழுந்தனிடம் கேட்கிறாள், அதிகாரியிடம் மனு கொடுக்கிறாள், திரும்பி வருகிறாள். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற வழக்கமான கணக்குப்படி, ஒரு மணி நேரப் படம் ஓடிய பிறகுதான் கதாநாயகி கதைக்குள் வருகிறாள். லாக்லைன் வர மறுப்பதற்கு உங்கள் மொழித்திறன் காரணமில்லை. திரைக்கதையில் ஒரு முடிவு தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, லாக்லைன் அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே முதலில் திரைக்கதையைத் தொடுங்கள்.

சஸ்பென்ஸ் என்று நீங்கள் மறைப்பது படத்தின் கரு

கோயில் விஷயத்தை ட்விஸ்ட் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பலருக்கு வரும் குழப்பம் இது. அதுவரை பார்வையாளர் நம்பியதைக் கவிழ்த்துப்போடுவது ட்விஸ்ட். அது பெரும்பாலும் கடைசிப் பகுதியில் வரும், லாக்லைனில் அதற்கு இடமில்லை. உங்கள் கோயில் எதையும் கவிழ்க்கவில்லை. கதை அதிலிருந்துதான் தொடங்குகிறது. கோடம்பாக்கத்தில் "கதையோட நாட் என்ன?" என்று கேட்பார்களே, அந்த நாட் உங்களுக்கு இதுதான். அதை மறைத்துவிட்டு "நிலம் இழக்கும் விதவை" என்று மட்டும் சொன்னால், வெளியேற்றத்தைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ கதைகளில் ஒன்றாக அது கரைந்துபோகும்.

உங்கள் கருவில் இருக்கும் முரணை நீங்களே முழுதாகக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. மங்கல காரியங்களில் முன்னால் நிற்கக் கூடாது என்று ஊர் ஒதுக்கிவைத்த ஒரு பெண், கோயில் கட்டிப் பிரதிஷ்டை நடத்தியாக வேண்டும். அதைத் தடுக்கும் அதிகாரமோ, நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்ட கொழுந்தனின் கையில். யார் செய்யக் கூடாதோ அவரே செய்தாக வேண்டிய வேலை இது. இப்படிப்பட்ட கரு எழுதுகிறவருக்கு அடிக்கடி அமையாது.

ஆகவே அந்த முடிவை 61இலிருந்து 25–30 பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். நோட்டீஸ் 10–12ஆம் பக்கத்தில் வரட்டும். மனு, கெஞ்சல், கொழுந்தனின் கையெழுத்து ஆகியவற்றுக்கு 15 பக்கம் தாராளம். பக்கத்துத் தெரு இடிந்து கோயில் மட்டும் நிற்பதை அவள் பார்க்கும் காட்சி 25ஐ ஒட்டி வந்தால், 30ஐத் தாண்டுவதற்குள் அவள் முடிவெடுத்துவிடலாம்.

அப்படி நகர்த்தினால் நடுவில் முப்பது பக்கத்துக்கு மேல் காலியாகும். பயப்படாதீர்கள், இந்தப் படத்தின் சுவையே அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. பூசாரியைச் சம்மதிக்க வைப்பது, சிலைக்குக் கல் தேடுவது, செங்கல்லுக்குக் காசு, நோட்டீஸ் வாங்கிய மற்ற குடும்பங்களில் யார் சேர்வார் யார் சேரமாட்டார், ஆடி மாதத்தில் கஞ்சி ஊற்றினால் கோயில் என்று ஊர் ஒப்புக்கொள்ளுமா என்ற பேச்சு: இவை இப்போது உங்கள் கதைச் சுருக்கத்தில் ஒரே பத்தியில் அமுங்கிக் கிடக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. கேட்டோ மேனரில் வீடுகள் போன பிறகும் சில கோயில்கள் நின்றன. ஆனால் "கோயிலை இடிக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது" என்று யாரையும் வசனம் பேச வைக்காதீர்கள். அவள் கண்ணால் பார்த்ததாகவும் அதை நம்பி எல்லாவற்றையும் பணயம் வைப்பதாகவும் இருக்கட்டும். அந்த நம்பிக்கை பலிக்குமா என்ற பதற்றம் கடைசிப் பக்கம் வரை உங்களுக்குக் கைகொடுக்கும்.

வாக்கியத்தைக் கட்டுவது

இனி லாக்லைனுக்கு வருவோம். அதில் இருக்க வேண்டியவை: யார், எது அவரைக் கிளப்பிவிட்டது, அவர் என்ன செய்யக் கிளம்புகிறார், குறுக்கே நிற்பது யார், கெடு என்ன. இதே வரிசையில் வர வேண்டியதில்லை. கெடு இல்லாத கதைகளும் உண்டு. உங்களுக்கு 90 நாள் தானாகவே அமைந்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் 25 முதல் 35 சொல் வரை போகலாம். தமிழில் விகுதிகள் ஒட்டிக்கொள்வதால் அதே செய்தி 20 சொல்லுக்குச் சற்று முன்பின்னாக அடங்கிவிடும்.

முதல் வரைவு நீளமாக இருக்கலாம். இப்படி:

"கேட்டோ மேனர், 1964: வீடுகளை இடிக்கும் நகராட்சி கோயில்களைத் தொடுவதில்லை என்று கண்டுகொண்ட ஒரு காய்கறித் தோட்டக்காரி, விதவை என்று தன்னைச் சடங்குகளில் ஒதுக்கும் அதே ஊரைக் கூட்டி, 90 நாளுக்குள் தன் வீட்டை மாரியம்மன் கோயிலாக மாற்றப் போராடுகிறாள்."

எல்லாம் இருக்கிறது, ஆனால் மூச்சு வாங்குகிறது. எதை விடலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். "காய்கறித் தோட்டக்காரி" அழகான விவரம்தான். ஆனாலும் கதையின் திருப்பம் அவள் தொழிலைச் சார்ந்ததாக இல்லை. "விதவை" என்பதுதான் அவள் செய்யப்போகும் காரியத்தோடு மோதுகிறது. பாத்திரத்துக்கு ஒரே ஓர் அடைமொழிதான் கொடுக்கலாம் என்றால், அவருடைய குறிக்கோளோடு மோதுகிற அடைமொழியைக் கொடுங்கள். "தைரியமான", "பாசமுள்ள" போன்றவை எந்தக் கதாநாயகிக்கும் பொருந்தும் என்பதால் எதையும் சொல்வதில்லை. "மாரியம்மன்" என்ற பெயரைக் கதைச் சுருக்கத்துக்கு ஒத்திவைக்கலாம். "போராடுகிறாள்" தேய்ந்த சொல். மிஞ்சுவது:

"இடிக்க வரும் அதிகாரிகள் கோயிலை மட்டும் விட்டுவிடுவதைக் கண்ட ஒரு விதவை, சடங்குகளில் தன்னை ஒதுக்கும் ஊரையே கூட்டி 90 நாளுக்குள் தன் வீட்டைக் கோயிலாக்கத் துணிகிறாள்."

இது 20 சொல். இதையே ஆங்கிலத்தில் எழுதினால் முப்பதைச் சற்றுத் தாண்டும்.

இங்கே நீங்கள் ஒரு தேர்வு செய்ய வேண்டும். குறுக்கே நிற்பது ஊரா, கொழுந்தனா? "ஊர்" என்றால் படம் ஒவ்வொருவராக வென்றெடுக்கும் கதையாகத் தெரியும், கூட்டத்தின் உற்சாகம் இருக்கும். "கொழுந்தன்" என்றால் இரண்டு பேருக்கு நடுவில் நடக்கும் குடும்ப மோதலாகத் தெரியும். உங்கள் காட்சிப் பட்டியலில் கொழுந்தன் 19 காட்சிகளில் வருகிறான், இறுதி மோதலும் அவனோடுதான். ஊர்ப் பெரியவர்கள் ஐந்து காட்சிக்கு மேல் இல்லை. எழுதியிருப்பதைத்தான் லாக்லைன் சொல்ல வேண்டும். அதனால் என் ஓட்டு கொழுந்தனுக்கு:

"இடிக்க வரும் அதிகாரிகள் கோயிலை மட்டும் விட்டுவிடுவதைக் கண்ட ஒரு விதவை, தன்னைச் சடங்குகளில் ஒதுக்கிவைத்த கோயில் கமிட்டிச் செயலாளரான கொழுந்தனை மீறி, 90 நாளுக்குள் தன் வீட்டைக் கோயிலாக்கத் துணிகிறாள்."

திருத்தி எழுதும்போது ஊர்க் காட்சிகள் பெருகினால் முந்தைய வாக்கியத்துக்குத் திரும்புங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் திணிக்காதீர்கள்.

மூன்று பிள்ளைகளைச் சொல்ல வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மூத்த மகளின் நிச்சயம் முறியும் அபாயம் கதைச் சுருக்கத்தின் இரண்டாம் பத்திக்குப் போதுமானது. பெயர்களும் வேண்டாம். "சிவகாமி" என்ற பெயர் உங்களுக்கு ஒரு முகம், படிப்பவருக்கு வெறும் ஒலி. வரலாற்றில் எல்லோரும் அறிந்த ஒருவரைப் பற்றிய படமாக இருந்தால் மட்டுமே பெயர் உதவும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் "கண்ட", "ஒதுக்கும்", "கூட்டி" என்று எச்சங்களை அடுக்கிக் கடைசியில் வினையை வைத்தாலும் காது ஏற்றுக்கொள்ளும். அதே அடுக்கை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுபோனால் எழுவாயும் வினையும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும். தமிழில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், பிறகு ஆங்கிலத்தில் புதிதாக எழுதுங்கள்.

காலமும் இடமும் எவ்வளவு?

இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கத் தயாரிப்பாளருக்கு "கேட்டோ மேனர், 1964" என்ற மூன்றே சொல் போதும், மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். வெளிநாட்டுக்காரருக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது. அவருக்கு "அபார்ட்டைட் காலத்து டர்பன்" என்று எழுதுங்கள். குரூப் ஏரியாஸ் சட்டம் 1950இல் வந்தது, எந்தப் பகுதி யாருக்கு ஒதுக்கப்பட்டது, சாட்ஸ்வர்த் எப்படி உருவானது போன்ற வரலாற்றையெல்லாம் லாக்லைனில் ஏற்ற வேண்டாம். உங்கள் குடும்பம் பட்ட பாடு அது, சொல்லாமல் விட மனம் வராது என்பது புரிகிறது. அதற்குக் கதைச் சுருக்கமும் விண்ணப்பத்தின் குறிப்புரையும் இருக்கின்றன.

"அன்பு, துரோகம், தியாகம்" என்ற வரியையும் "நடந்தது என்ன?" என்ற கேள்வியையும் எடுத்துவிடுங்கள். அந்தக் கேள்வி போஸ்டருக்கு உரிய டேக்லைனின் வேலை. லாக்லைனில் முடிவைச் சொல்ல வேண்டியதில்லை. கதைச் சுருக்கத்திலோ முடிவைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அங்கே மறைத்தால் முடிவே எழுதவில்லையோ என்ற சந்தேகம் வரும்.

சென்னையில் "ஒன்லைன்" என்பதோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்லைனை நீங்கள் எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, கைவீசிச் சொல்கிறீர்கள். லாக்லைனை நீங்கள் இல்லாத அறையில் யாரோ படிக்கிறார். தயாரிப்பு நிறுவனங்களில் திரைக்கதையைப் படித்து அறிக்கை எழுதுபவர், முதல் பக்கத்தில் தன் சொந்த வார்த்தையில் ஒரு லாக்லைன் எழுதுவார். முடிவெடுப்பவர் பல நேரம் அதை மட்டுமே பார்ப்பார். உங்களுடையது தெளிவாக இருந்தால் அதை ஒட்டியே அவர் எழுதுவார். இல்லாவிட்டால் அவருக்குப் புரிந்தது எதுவோ அதுதான் உங்கள் படம்.

திருட்டு பயம்

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சட்டம் எதைக் காக்கிறது என்று தெரிந்துகொண்டால் தீர்மானம் எளிதாகும். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதிவைத்த திரைக்கதைக்கு எழுதிய கணமே உரிமை வந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. பதிவு செய்யும் ஏற்பாடு எடுத்து முடிந்த திரைப்படங்களுக்குத்தான் உண்டு, எழுத்துப் பிரதிக்கு இல்லை. மறுபக்கம், "வீட்டைக் கோயிலாக்கும் விதவை" என்ற வெறும் கருவுக்குச் சட்டத்தில் காவல் இல்லை. நீங்கள் கோர்த்த காட்சிகளுக்கும் வசனங்களுக்கும்தான் காவல்.

பதிவுத் தபாலில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்வது புதிதாக எந்த உரிமையையும் தராது. அதிகம் போனால் தேதிக்கு ஒரு சாட்சி. அதைவிட உறுதியானவை, ஒவ்வொரு வரைவையும் தேதியோடு சேமித்து வைப்பதும், யாருக்கு எதை எப்போது அனுப்பினீர்கள் என்ற மின்னஞ்சல் தொடரும். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் லாக்லைன் தருவேன் என்று கேட்காதீர்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் மறுத்துவிடுவார்கள், பேச்சும் அங்கேயே நின்றுவிடும்.

நடைமுறை வழி இது: முழுத் திரைக்கதை திருத்தி முடியும் வரை லாக்லைனை யாருக்கும் அனுப்பாதீர்கள். முடிந்ததும் முதலில் லாக்லைனும் ஒரு பக்கச் சுருக்கமும் மட்டும் போகட்டும். கேட்டால் மட்டும் முழுப் பிரதி. படமாக்கும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனக்கென ஒதுக்கிவைக்கும் ஆப்ஷன் ஒப்பந்தத்தை யாராவது நீட்டினால், எத்தனை மாதம், எவ்வளவு பணம், காலம் முடிந்தால் உரிமை திரும்புமா, வேறொருவரை வைத்துத் திருத்தி எழுதலாமா என்ற நான்கையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். உண்மையான இழப்பு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

அனுப்பும் முன்

கதை தெரியாத ஐந்து பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். வீட்டார் வேண்டாம், அவர்களுக்குப் பெரியம்மாவைத் தெரியும், விட்டுப்போனதை மனதாலேயே நிரப்பிக்கொள்வார்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள். "இந்தப் படத்தில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பேசாமல் இருங்கள். நீங்கள் எழுதிய காட்சிகளை அவர்களாகவே சொல்ல ஆரம்பித்தால் வாக்கியம் வேலை செய்கிறது. "கடவுள் மகிமைப் படமா?" என்று இரண்டு பேர் கேட்டால் "கோயிலாக்க" என்பதற்கு முன்னால் நோக்கம் தெளிவாகவில்லை என்று பொருள். அப்போது "வீட்டைக் காப்பாற்ற" என்ற சொற்களைச் சேருங்கள்.

"உண்மைச் சம்பவம்"

இதில் அவசரப்பட வேண்டாம். பெரியம்மா தன் வீட்டைக் கோயிலாக்கவில்லை, நிலத்தை இழந்து சாட்ஸ்வர்த்துக்கு வந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் படத்தின் மையமே கற்பனை. "உண்மைச் சம்பவம்" என்று போட்டுவிட்டுத் தயாரிப்பாளர் ஆதாரம் கேட்டால் முதல் சந்திப்பிலேயே நம்பகம் போகும். "உண்மை நிகழ்வுகளின் தூண்டுதலில்" என்பது நேர்மையானது, அதுவும் லாக்லைனுக்கு வெளியே, கதைச் சுருக்கத்தின் கடைசி வரியில்.

கொழுந்தன் விஷயம் இன்னும் நுட்பமானது. நிஜத்தில் கையெழுத்துப் போட்டவரின் பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். நோட்டீஸ் வந்த காலத்தில் எத்தனையோ பேர் பயத்தில் கையெழுத்துப் போட்டார்கள். திரையில் அவர் துரோகியாகத் தெரிந்தால் சித்தப்பா வீட்டோடு உங்களுக்கு உறவு நிலைக்காது, சட்டச் சிக்கலும் வரலாம். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. அவருடைய தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, கமிட்டிப் பதவி எல்லாவற்றையும் அசலிலிருந்து விலக்குங்கள், கையெழுத்துக்கு அவர் பக்கத்து நியாயம் ஒன்றையும் எழுதுங்கள். அது படத்துக்கும் நல்லது, நியாயம் இருக்கும் எதிராளிதான் கதாநாயகியைத் திணறடிப்பான். பெரியம்மாவின் பிள்ளைகளிடம் திரைக்கதையைப் படிக்கக் கொடுத்து எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகே "தூண்டுதலில்" என்ற வரியை விண்ணப்பத்தில் ஏற்றுங்கள்.